முதல் வான்கோழி வேட்டைக்குப் போகும் முன்: சோக், தோட்டா எப்படித் தேர்ந்தெடுப்பது

வான்கோழியை உடம்பில் சுடக் கூடாது, தலையிலும் கழுத்திலும்தான் சுட வேண்டும். மார்பிறகு அவ்வளவு அடர்த்தி, அதற்குள்ளே தடித்த சதை. அங்கே குண்டு பட்டால் பறவை உடனே சாகாது, காயத்தோடு பறந்துபோய் ஏதோ ஒரு புதருக்குள் கிடந்து சாகும், நாம் பொழுது சாயும்வரை தேடினாலும் கையில் கிடைக்காது. ஆனால் மூளையும் கழுத்தெலும்பும் சேர்த்தே ஒரு முருங்கைக்காய்த் துண்டு அளவுதான், அதுவும் நிலையாக நிற்காது. அந்தச் சின்ன இடத்தில் ஒரே நேரத்தில் சில குண்டுகளாவது விழ வேண்டும். சோக், தோட்டா பற்றிய கவலை எல்லாம் இதற்காகத்தான்.

ஷாட்கன் என்பது ஒரே தோட்டாவிலிருந்து நிறையச் சின்னக் குண்டுகளை வீசும் துப்பாக்கி. அதன் குழலின் வாயில் திருகி மாட்டும் சின்னக் குழாய்தான் சோக். அதன் உள்பக்கம் குறுகலாக இருப்பதால் குண்டுகள் சீக்கிரம் சிதறாமல் கூட்டமாகப் போகும். கேஜ் என்பது குழல் அகலத்தின் அளவு, எண் கூடினால் குழல் சிறியது. 12 கேஜ் குழலின் உள்விட்டம் சுமார் 0.729 அங்குலம், மாடிஃபைட் சோக் அதில் ஏறக்குறைய 0.020 அங்குலம் குறைக்கும், ஃபுல் சோக் 0.035. வான்கோழிக்கென்றே விற்கும் எக்ஸ்ட்ரா ஃபுல் சோக்குகளின் வாய் விட்டமே 0.640 முதல் 0.670 அங்குலம் வரை இருக்கும். இறுக்கம் கூடக் கூட நல்லது என்று நினைத்துக் கடையில் இருப்பதிலேயே இறுக்கமானதை எடுக்காதீர்கள். ஈயம் மிருதுவான உலோகம், அளவுக்கு மீறி நெருக்கினால் குண்டுகள் நசுங்கிக் கோணலாகப் பறக்கும். துப்பாக்கியோடு ஃபுல் சோக் வந்திருந்தால் முதலில் அதையே போட்டுப் பாருங்கள்.

சோக்கைத் திருகி மாட்டும் மரையிலும் கவனம் வேண்டும். ரெமிங்டன் 870 துப்பாக்கியின் சோக் மாஸ்பெர்க் 500 துப்பாக்கிக்குப் பொருந்தாது, உங்கள் துப்பாக்கியின் மாடலைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். வான்கோழி சோக் மாட்டியிருக்கும்போது ஸ்லக் எனும் ஒற்றைப் பெரிய குண்டு உள்ள தோட்டாவைச் சுடவே கூடாது. ஸ்டீல் குண்டும், அந்த சோக்கிலேயே அதற்கு ஏற்றது என்று எழுதியிருந்தால் தவிர, வேண்டாம்.

அப்புறம் தோட்டா. குழலின் பக்கவாட்டில் 2¾, 3 அல்லது 3½ அங்குலம் என்று பொறித்திருக்கும். அதைவிட நீளமான தோட்டாவைப் போடாதீர்கள். இதில் ஏமாறுவது சுலபம், ஏனென்றால் 3 அங்குலத் தோட்டா 2¾ அங்குல அறைக்குள் சிக்காமல் நுழைந்துவிடும். தோட்டாவின் நீளம் என்று சொல்வது சுட்டபின் அதன் மடிப்பு விரிந்த நீளம், அது விரிய உள்ளே இடம் இல்லாவிட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். 12 கேஜ் துப்பாக்கி வைத்திருப்பவர் பையில் மஞ்சள் நிற 20 கேஜ் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது குழலுக்குள் வழுக்கிப்போய் நடுவில் அடைத்துக்கொள்ளும், பின்னாலேயே ஒரு 12 கேஜைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும்.

ஈயக் குண்டில் 4, 5, 6 ஆகிய நம்பர்கள்தான் வான்கோழிக்கு. நம்பர் ஏற ஏறக் குண்டு சின்னதாகும், எண்ணிக்கை கூடும்: ஓர் அவுன்சில் 4ஆம் நம்பர் சுமார் 135, 5 என்றால் 170, 6 என்றால் 225. புதிதாக ஆரம்பிப்பவருக்கு 12 கேஜ், 3 அங்குலம், 5ஆம் நம்பர் போதும் என்பது என் கருத்து. 3½ அங்குலத் தோட்டாவின் உதை தோளைப் பதம் பார்க்கும். அந்தப் பயத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் பழக்கம் வந்துவிடும். டிஎஸ்எஸ் எனப்படும் டங்ஸ்டன் குண்டு ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம், அதன் 9ஆம் நம்பரே ஈயத்தின் 5ஆம் நம்பர் அளவுக்குத் துளைக்கும் என்பது வேட்டைக்காரர்கள் போடும் கணக்கு. அதனால் உதை குறைந்த 20 கேஜிலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஒரு தோட்டாவே பத்து டாலரைத் தாண்டும். எந்த அளவு குண்டுக்கு அனுமதி என்பது அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பென்சில்வேனியாவில் ஈயத்தில் 4ஆம் நம்பரைவிடப் பெரியது கூடாது.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துப்பாக்கியோ தோட்டாவோ நீங்கள் வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே லைசென்ஸ் முதலில், கடை பிறகு. சந்தேகம் இருந்தால் வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

இனிதான் முக்கியமான வேலை. அட்டைப்பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள், காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். ஒரே சோக், ஒரே தோட்டா, பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கியில் ஒரு மாதிரி விழும், உங்களுடையதில் வேறு மாதிரி விழும். மூன்றடி அகலக் காகிதத்தை ஒட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு போட்டுக்கொண்டு, துப்பாக்கியை மேசையில் தாங்கி 40 கெஜத்தில் சுடுங்கள். குண்டு நெருக்கமாக விழுந்த இடத்தைச் சுற்றி 10 அங்குல வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ணுங்கள், எண்ணியதைப் பேனாவால் குறியிட்டுக்கொண்டே வாருங்கள், இல்லாவிட்டால் பாதியில் கணக்கு தப்பிவிடும். நூறு ஓட்டை இருந்தால் நல்லது. இல்லையென்றால் 35, 30 என்று கிட்டே வாருங்கள், எங்கே நூறு வருகிறதோ அதுதான் உங்கள் எல்லை. அந்த வட்டத்தின் நடு, நீங்கள் குறிவைத்த புள்ளியிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள்; நாலு அங்குலம் இடப்பக்கம் தள்ளி விழுந்தால் எண்ணிக்கையால் பயனில்லை.

பிறகு 10 கெஜத்திலும் ஒன்று சுடுங்கள். நான் அதைச் செய்யாமல்தான் முதல் வருடம் காட்டுக்குப் போனேன். சேவல் பன்னிரண்டு அடி எடுத்து வைத்தால் தொட்டுவிடும் தூரத்தில் கழுத்தை நீட்டி நின்றது, சுட்டேன், அது ஓடிவிட்டது. வீடு திரும்பி அதே தூரத்தில் காகிதத்தில் சுட்டால் ஓட்டை என் முஷ்டி அளவுகூட இல்லை. கிட்டத்தில் ஷாட்கனும் ரைஃபிள் மாதிரிதான், இரண்டங்குலம் விலகினாலும் தவறிவிடும். அதனால் இப்போது மாடிஃபைடைவிடக் கொஞ்சமே இறுகிய ஃபுல் சோக்கோடு 35 கெஜத்துக்குள் நிறுத்திக்கொள்கிறேன்.

சில சுற்று சுட்டதும் சோக் தானாகத் தளரக்கூடும். வேட்டையன்று விடியுமுன், துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டு, ஒருமுறை கையால் முறுக்கிப் பாருங்கள்.