முடிந்துபோன கண்காட்சியை இப்போது பார்ப்பது எப்படி

ஒரு நல்ல கண்காட்சியைப் பற்றி நமக்குத் தெரியவரும்போது அநேகமாக அது முடிந்திருக்கும். பொருள்களெல்லாம் பெட்டிக்குள் ஏறி அவரவர் இடத்துக்குத் திரும்பியிருக்கும், சுவருக்கு வேறு வண்ணம் அடித்திருப்பார்கள், அதே அறையில் வேறு யாருடைய ஓவியமோ தொங்கிக்கொண்டிருக்கும். சரி, போனது போகட்டும் என்று விட்டுவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு கண்காட்சியும் ஏகப்பட்ட காகிதத்தை விட்டுவிட்டுத்தான் போகிறது. அதைத் தேடிச் சேர்த்தால் ஓரளவுக்கு அந்த அறைகளுக்குள் நடந்துவிட்டு வரலாம். நான் சில வருடங்களாக இதைப் பொழுதுபோக்காகச் செய்து வருகிறேன்.

முதலில் ஒரே ஒரு கண்காட்சியைத் தேர்ந்தெடுங்கள். எகிப்து, துணி நெசவு என்று பொதுவாகத் தொடங்கினால் தொலைந்தீர்கள். பெயர், ஊர், தொடங்கிய நாள், முடிந்த நாள், வேறு எந்தெந்த ஊர்களுக்குப் போனது, இந்த ஐந்தையும் எழுதி வைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் சறுக்குவது இங்கேதான். பண்டைய எகிப்து மன்னன் துட்டன்காமூனின் கல்லறைப் பொருள்களை வைத்த கண்காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தது ஒன்று, 1976 முதல் 1979 வரை அமெரிக்க நகரங்களைச் சுற்றி வந்தது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர். ஆனால் லண்டனுக்குப் போனவை 50 பொருள்கள், அமெரிக்காவுக்குப் போனவை 55. ஒன்றின் கேட்லாகை, அதாவது கண்காட்சிக்கென்று அச்சிடும் புத்தகத்தை, கையில் வைத்துக்கொண்டு மற்றதன் புகைப்படங்களைப் பார்த்து, "இந்தப் பொருள் ஏன் இங்கே இல்லை" என்று நான் ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டது உண்டு.

அடுத்து, அந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பழைய கண்காட்சிகளுக்கான பக்கத்தைத் தேடுங்கள். இதில் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம், அதாவது மோமா, கொடுத்து வைத்த இடம். 1929-ல் நடந்த முதல் கண்காட்சியிலிருந்து தொடங்கி 3,500-க்கும் மேற்பட்டவற்றின் பதிவுகளை 2016-ல் இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். பொருள் பட்டியல், பத்திரிகைக் குறிப்பு, அறைகளின் புகைப்படம், பல சமயம் கேட்லாகும்கூட இலவசமாகக் கிடைக்கும். அதே ஊரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2012-லிருந்து தன் பழைய வெளியீடுகளைப் படிக்கத் திறந்து வைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் இந்த அதிர்ஷ்டம் இருக்காது. அப்போது நூலகப் பட்டியல்தான் கதி. அங்கே தேடும்போது ஒரு சூட்சுமம்: கேட்லாகுகள் பெரும்பாலும் தனி ஆசிரியர் பெயரில் இல்லாமல் அருங்காட்சியகத்தின் பெயரிலேயே பதிவாகியிருக்கும், அதனால் ஆசிரியர் கட்டத்தில் அருங்காட்சியகத்தின் பெயரையும் பக்கத்தில் வருடத்தையும் போட்டுப் பாருங்கள்.

இப்போது கையில் நாலைந்து ஆவணங்கள் சேர்ந்திருக்கும். எல்லோரும் நேராகப் புகைப்படத்துக்கோ கேட்லாகுக்கோ ஓடுவார்கள். ஓடாதீர்கள். பொருள் பட்டியலில் தொடங்குங்கள். பார்க்க வறட்சியாக இருக்கும், தட்டச்சு செய்த, பேனாவால் அடித்துத் திருத்திய தாள்கள், ஆனால் அறையில் என்ன இருந்தது என்பதற்கு அதைவிட நெருக்கமான சாட்சி கிடையாது. கேட்லாக் என்பது கண்காட்சி திறப்பதற்குப் பல வாரங்கள் முன்பே அச்சுக்குப் போய்விடும் புத்தகம். அதற்குப் பிறகு ஒரு பொருள் வராமல் போனால் புத்தகத்துக்கு அது தெரியாது.

நான் இதைக் கற்றுக்கொண்டது 'ஃபேமிலி ஆஃப் மேன்' கண்காட்சியில். 1955-ல் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகன் மோமாவில் வைத்தது, 68 நாடுகளிலிருந்து 503 புகைப்படங்கள். அதன் புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது, அதைப் புரட்டிவிட்டு கண்காட்சியையே பார்த்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறப்பு, காதல், வேலை, சாப்பாடு, சாவு, மனிதர்கள் எல்லோரும் ஒன்று என்கிற இதமான தொகுப்பு. அப்புறம்தான் தெரிந்தது, கண்காட்சியில் ஒரு இருட்டறை இருந்திருக்கிறது, அதில் ஹைட்ரஜன் குண்டு வெடிக்கும் வண்ணப் படம் ஒன்று, ஆளுயரத்துக்கு, பின்னாலிருந்து விளக்குப் போட்டு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. மொத்தக் கண்காட்சியிலும் வண்ணத்தில் இருந்த ஒரே படம் அதுதான். புத்தகத்தில் அது இல்லை. கும்பல் கொலை ஒன்றைக் காட்டிய புகைப்படம் திறந்த சில வாரங்களிலேயே எடுக்கப்பட்டும் விட்டது. புத்தகத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்த இரண்டுமே நடக்கவில்லை. அதனால் பட்டியல், கேட்லாக், புகைப்படம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததை மட்டும் வட்டம் போடுங்கள். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அந்த வட்டங்கள்தான்.

அறைப் புகைப்படங்களைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. பொருளை விட்டுவிட்டு வாசலைப் பாருங்கள். பின்னணியில் தெரியும் கதவு வழியாக அடுத்த அறையின் ஒரு துண்டு தெரியும், அதை வேறொரு படத்தில் கண்டுபிடித்தால் இரண்டு அறைகள் எந்த வரிசையில் இருந்தன என்பது கிடைத்துவிடும். இப்படியே ஒட்டிக்கொண்டு போனால் ஒரு காகிதத்தில் தரைப்படம் வரைந்துவிடலாம். எது கண் மட்டத்தில் இருந்தது, எதைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது, எதை மூலையில் தள்ளினார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். யாராவது ஒருவர் படத்தில் நின்றுகொண்டிருந்தால் நல்லது, அவரை வைத்து அளவு தெரிந்துவிடும். ஆனால் பெரும்பாலான படங்கள் ஆளில்லாத நேரத்தில் எடுத்தவை, கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு பார்த்த அனுபவம் அவற்றில் வராது.

துணி, காகிதம், நீர்வண்ண ஓவியம் போன்றவை இருந்த கண்காட்சி என்றால் இன்னொரு எச்சரிக்கை. இவற்றுக்கு வெளிச்சமே எமன். 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மங்கலான விளக்கில்தான் வைப்பார்கள், அதுவும் சில மாதங்களில் எடுத்துவிட்டு வேறொன்றை மாற்றுவார்கள். ஆகவே இப்படிப்பட்ட கண்காட்சியில் பட்டியலில் உள்ளதெல்லாம் ஒரே நாளில் அறையில் இருந்தது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஓவியங்களிலும் இது நடக்கும். 2023-ல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நடந்த டச்சு ஓவியர் வெர்மீரின் கண்காட்சி ஜூன் வரை ஓடியது, ஆனால் அவருடைய புகழ்பெற்ற ஓவியமான 'முத்துத் தோடு அணிந்த பெண்' மார்ச் முடிவிலேயே தன் சொந்த வீடான ஹேக் நகரத்து மொரிட்ஸ்ஹவுஸுக்குத் திரும்பிவிட்டாள். அதே கண்காட்சியில் புல்லாங்குழலுடன் இருக்கும் பெண்ணின் ஓவியத்தை வெர்மீர் என்றே வைத்தார்கள், அதன் சொந்தக்காரர்களான வாஷிங்டன் தேசியக் கலைக்கூடமோ சில மாதங்களுக்கு முன்புதான் அது வெர்மீர் வரைந்ததல்ல என்று அறிவித்திருந்தது. சுவரில் ஒட்டிய விளக்க அட்டையை அந்த நேரத்து, அந்த இடத்துக் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வரலாறும் உலகப் பண்பாடுகளும் சம்பந்தப்பட்ட கண்காட்சி என்றால், வந்து பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைத் தேடாமல் விடக்கூடாது. டொராண்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் 1989-ல் ஆப்பிரிக்கா பற்றி ஒரு கண்காட்சி வைத்தது. காலனி ஆட்சிக்காரர்களின் வார்த்தைகளை மேற்கோள் குறிக்குள் போட்டுக் கிண்டலாகக் காட்டுவதாக அமைத்தவர்களின் எண்ணம். பார்த்தவர்களுக்கு அந்தக் கிண்டல் போய்ச் சேரவில்லை, வாசலில் போராட்டம் நடந்தது, அடுத்துப் போக வேண்டியிருந்த நான்கு அருங்காட்சியகங்களும் பின்வாங்கின, 2016-ல் அருங்காட்சியகம் மன்னிப்புக் கேட்டது. அருங்காட்சியகத்தின் குறிப்புகளை மட்டும் படித்தால் இதில் பாதிகூடத் தெரியாது. அன்றைய நாளிதழ்கள், ஆசிரியருக்கு வந்த கடிதங்கள், துண்டுப் பிரசுரங்கள், எது கிடைத்தாலும் சேருங்கள். நடக்காமல் போன கண்காட்சிகளும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானத்தை வைத்து வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் திட்டமிட்டிருந்த கண்காட்சி 1995 ஜனவரியில் கைவிடப்பட்டு, விமானத்தின் உடலை மட்டும் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், பெரிய சர்ச்சை நடந்ததால் அந்த நடக்காத கண்காட்சி பற்றிய ஆவணங்கள்தான் ஏராளமாகக் கிடைக்கின்றன.

2000-க்குப் பிறகு நடந்தவை என்றால் அவற்றுக்கென்று தனி இணையதளம் இருந்திருக்கும், இப்போது முகவரி செத்திருக்கும். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்த பக்கங்கள் 2020 முடிவோடு பெரும்பாலும் திறக்காமல் போய்விட்டன, அவற்றில் சொற்கள் மட்டுமாவது சில சமயம் மிஞ்சியிருக்கும். கிடைத்ததை உடனே உங்கள் கணினியில் சேமித்துவிடுங்கள்.

கடைசியாக, பொருள்களைப் பின்தொடருங்கள். கேட்லாகின் முன்பக்கங்களில் இரவல் கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கும், பட்டியலில் பதிவு எண், அதாவது அருங்காட்சியகம் பொருளுக்குக் கொடுத்த எண், இருக்கும். பல இடங்களில் அந்த எண்ணின் முதல் பகுதியே பொருள் வந்து சேர்ந்த வருடம். அந்த எண்ணை அப்படியே சொந்தக்கார அருங்காட்சியகத்தின் தேடலில் போட்டால் பொருளின் பக்கம் வரும், கீழே அது கலந்துகொண்ட கண்காட்சிகள் வரிசையாக இருந்தால் ஜாக்பாட். ஒரு அட்டவணை போட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் 'இப்போது எங்கே' என்று ஒரு கட்டம் விட்டு வையுங்கள்.

1937-ல் நாஜிகள் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று கேலி செய்ய வைத்த கண்காட்சிக்கு நான் இப்படி ஒரு அட்டவணை போட்டேன். ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த 16,000-க்கும் மேற்பட்ட படைப்புகளை அவர்களே தட்டச்சு செய்து வைத்த பட்டியல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 2014-ல் இணையத்தில் போட்டார்கள். ஊர் வாரியாக இருக்கும், அதனால் படைப்பு முதலில் எந்த அருங்காட்சியகத்தில் இருந்தது என்பது தெரிந்தால்தான் தேட முடியும். வரிசைக்கு எதிரே ஓர் எழுத்து இருக்கும்: 'வி' (V) என்றால் விற்றது, 'டி' (T) என்றால் பண்டமாற்று, 'எக்ஸ்' (X) என்றால் அழித்தது. என் அட்டவணையின் கடைசிக் கட்டத்திலும் பல வரிசைகளில் அந்த எக்ஸ்தான் இருக்கிறது.