ஃப்ரீசருக்கென்றே சமைப்பது எப்படி?

மிச்சமானதை ஃப்ரீசரில் போடுவது வேறு, ஃப்ரீசருக்கென்றே சமைப்பது வேறு. மிச்சம் என்பது பரிமாறும் பதத்துக்கு வந்துவிட்ட உணவு. அதை உறையவைத்து மறுபடி கொதிக்கவிட்டால் காய் குழைந்து, பாஸ்தா கூழாகிவிடும். ஃப்ரீசருக்குச் சமைக்கிறவர் இந்த உணவு இன்னொரு முறை அடுப்பேறப் போகிறது என்பதை முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும். கேரட், பீன்ஸ் போன்றவற்றை முக்கால் பதத்தில் நிறுத்துங்கள். பாஸ்தாவைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே வடித்துவிடுங்கள்.

இறைச்சிக்கு மட்டும் இந்தக் கணக்கு கிடையாது. அரைவேக்காட்டில் நிறுத்திய கோழியில் கிருமிகள் சாகாமல் இருக்கும். ஃப்ரீசரின் குளிரும் அவற்றைக் கொல்லாது, தூங்க மட்டுமே வைக்கும். எனவே இறைச்சி முழுக்க வெந்தே உள்ளே போக வேண்டும்.

எது உறையும், எது கெடும்

குழம்பாகவோ கிரேவியாகவோ இருப்பதெல்லாம் நன்றாக உறையும். திரவத்துக்குள் மூழ்கிய கறித் துண்டில் காற்று படாது, காற்று படாத இடம் வறண்டு வெளுக்காது. வேகவைத்த பருப்பு, பயறு வகை, கீமா, தக்காளி சேர்ந்த சாஸ், சூப் ஆகியவை முதல் வரிசை.

உருளைக்கிழங்குத் துண்டுகள் உறைந்து இளகினால் உள்ளே மணல் போலாகி நீர் விடும். மசித்து வெண்ணெய் சேர்த்தால் தாங்கும், துண்டாகத் தாங்காது. வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். தயிர், பால், மெல்லிய கிரீம் சேர்த்த கிரேவி திரிந்துபோகும். சோள மாவு கரைத்துக் கெட்டியாக்கிய சாஸ் இளகும்போது தனியாகத் தண்ணீர் விட்டு நிற்கும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே வழிதான்: சேர்க்காமல் உறையவையுங்கள், சூடாக்கும்போது சேருங்கள். பொரித்தவை மொறுமொறுப்பை இழக்கும். வெள்ளரிக்காய், சாலட் கீரை பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மசாலாவிலும் கை கொஞ்சம் அடங்க வேண்டும். கிராம்பும் மிளகும் பூண்டும் ஃப்ரீசரில் இருக்க இருக்கத் தூக்கலாகி, சில சமயம் கசக்கும். உப்போ மங்கும். உப்பை முக்கால் அளவு போட்டு, மீதியைச் சூடாக்கும் நாளில் ருசி பார்த்துச் சேருங்கள். கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு இரண்டுக்கும் கடைசி நிமிடம்தான் நேரம்.

ஒரு அடிப்படை மசாலா, நான்கு சாப்பாடு

நான்கு விதக் குழம்பைத் தனித்தனியாகச் சமைப்பதைவிட ஒரே அடிப்படை மசாலாவை மொத்தமாகச் செய்து பிரிப்பது எளிது. அகலமான, அடிகனமான பாத்திரம் வேண்டும். ஆழமான குண்டாவில் வெங்காயம் வதங்காது, வேகும்.

150 மில்லி எண்ணெயில் பொடியாக நறுக்கிய 1.5 கிலோ வெங்காயத்தை மிதமான தீயில் பொன்னிறமாகும் வரை வதக்குங்கள். இதற்கு அரை மணி நேரமாவது ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடு பச்சையாக நிற்கும், அந்தக் கசப்பு நான்கு சாப்பாட்டிலும் வரும். 100 கிராம் இஞ்சி பூண்டு விழுதைப் போட்டுப் பச்சை வாசனை போக வதக்கி, 2 கிலோ தக்காளியை அரைத்து ஊற்றுங்கள். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை சுண்ட வேண்டும். கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் அது உடனே மூடிக்கொள்ளக் கூடாது. நீர் நிறைய இருக்கும்போதே நிறுத்தினால் பின்னால் சூடாக்கும் நாளில் கிரேவி நீர்த்துப்போகும். சுமார் 2 கிலோ மசாலா கிடைக்கும். நான்கு பாகமாகப் பிரியுங்கள், ஒரு பாகம் நான்கு பேருக்கு.

முதல் பாகத்தில் 250 கிராம் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து, வேகவைத்துச் சேருங்கள். கடலை வெந்த நீரில் ஒரு கப் ஊற்றினால் கிரேவி தானாகக் கெட்டிப்படும். கடலைக்குப் பதில் ராஜ்மா என்றால் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று 10 நிமிடமாவது கொதிக்கவிட்டே மேற்கொண்டு வேகவைக்க வேண்டும். அரைகுறையாக வெந்த ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற நச்சு வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். லேசான சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போடவே கூடாது.

இரண்டாவது பாகத்தில் 750 கிராம் எலும்பில்லாத கோழித் தொடைக்கறி. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு, இரண்டாவது முறை சூடாகும்போது வறண்டுவிடும். மூன்றாவதில் 500 கிராம் கீமா. அதில் பச்சைப் பட்டாணி போடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு போட்டால் போதும். நான்காவது பாகத்தை எதுவும் சேர்க்காமல் வையுங்கள். அன்றன்று முட்டை, பனீர், மீன் எது இருக்கிறதோ அதற்கு அது உதவும்.

ஆறவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது

4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். சமைத்த உணவு 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம்தான். பெரிய பாத்திரத்தில் மூடிவைத்த குழம்பின் நடுப்பகுதி பல மணி நேரம் கழித்தும் வெதுவெதுப்பாகவே இருக்கும்.

எனவே உடனே அகலமான ட்ரேக்களில் 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றிப் பரப்புங்கள். இன்னும் வேகமாக ஆற வேண்டுமானால் சிங்க்கில் ஐஸ் தண்ணீர் நிரப்பி, பாத்திரத்தை அதில் வைத்துக் கிளறுங்கள். ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் சில்லென்று ஆகவிட்டுப் பிறகு ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். சூடாக ஃப்ரீசரில் வைத்தால் பக்கத்தில் இருப்பவை இளகும், மூடிக்குள் ஆவி வியர்த்துப் பனித்துகளாகப் படியும்.

சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் பிழைக்கும். ஆறவிட்ட சோறு வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சோற்றைத் தட்டில் பரப்பி, 1 மணி நேரத்துக்குள் ஆறவைத்து, ஒருவேளைக்கான அளவாகப் பிரித்து உறையவையுங்கள். உதிரியாக வேண்டுமானால் ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசிறிக்கொள்ளலாம்.

பையில் அடைப்பது

டப்பாவைவிடக் கனமான ஜிப் பையே மேல். முதலில் காலிப் பையின் மேல் எழுதுங்கள்: பெயர், தேதி, எத்தனை பேருக்கு, இனிமேல் என்ன சேர்க்க வேண்டும். நிரப்பி ஈரமான பையில் பேனா எழுதாது. 'கோழி, உப்பு கொஞ்சம், கடைசியில் கிரீம்' என்ற ஒரு வரி அன்று சூடாக்குகிறவருக்குப் பெரிய உதவி.

பையின் வாயை ஒரு ஜாடியின் விளிம்பில் வெளிப்பக்கமாக மடித்துவிட்டு ஊற்றினால் ஜிப்பில் மசாலா ஒட்டாது. ஒட்டினால் பை சரியாக மூடாது. முக்கால் பை நிரப்பி, படுக்கவைத்து, கையால் தடவிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். 2 முதல் 3 செ.மீ. தடிமன் போதும். ட்ரேயில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் உறையவிடுங்கள், உறையாத பைகளை அடுக்கினால் நடுப் பை மறுநாளும் கொழகொழவென்றிருக்கும். உறைந்தபின் புத்தகம் போல வரிசையாக நிறுத்திவைக்கலாம். மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் உறைந்தால் பனிப் படிகங்கள் சிறியதாக இருக்கும், காயும் கறியும் அவ்வளவாகச் சிதையாது.

டப்பாவில்தான் வைப்பீர்கள் என்றால் மேலே 2 செ.மீ. காலி விடுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். கழுத்து ஒடுங்கிய கண்ணாடி பாட்டில் அதனால்தான் வெடிக்கிறது.

ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். ஒரே நாளில் அதை நிரப்பிவிடாதீர்கள். 30 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ புது உணவு என்பது நல்ல அளவு. 3 மாதத்துக்குள் சாப்பிட்டால் ருசி குறையாது.

இளகவைப்பதும் சூடாக்குவதும்

முதல் நாள் இரவே பையை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு தட்டின் மேல் வைத்துவிடுவது நல்லது. மறந்துவிட்டால், மூடிய பையைக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். சமையல் மேடையில் வைத்து இளகவைக்காதீர்கள். நடு இன்னும் கட்டியாக இருக்கும்போதே வெளிப்புறம் கெடத் தொடங்கும்.

கிரேவியை இளகவைக்காமலே நேராகச் சூடாக்கவும் செய்யலாம். அகலப் பாத்திரத்தில் கால் கப் தண்ணீர் விட்டு, உறைந்த பலகையை உடைத்துப் போட்டு, மூடி, சிறு தீயில் வையுங்கள். இளகியதும் தீயைக் கூட்டி, நடுவிலும் கொதி வரும் வரை கிளறுங்கள். தெர்மாமீட்டர் இருந்தால் கறியின் உள்ளே 74 டிகிரி காட்ட வேண்டும். மைக்ரோவேவ் சீராகச் சூடாக்காது. மூடிவைத்து, பாதியில் ஒருமுறை கிளறி, எடுத்தபின் 2 நிமிடம் விட்டுவிடுங்கள். சோற்றின் மேல் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் விறைத்த பருக்கை மறுபடி மெத்தென்றாகும்.

ஃப்ரிட்ஜில் இளகியதை 3, 4 நாளில் முடித்துவிடுங்கள், சோறானால் ஒரே நாளில். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்ப உறையவைக்க வேண்டாம். அதற்காகவே சின்னப் பைகள்.

மின்சாரம் போனால் ஃப்ரீசர் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் வரை, பாதி நிறைந்தது 24 மணி நேரம் வரை குளிரைத் தாங்கும். பையைத் தொட்டால் உள்ளே ஐஸ் நறநறவென்று இருந்தால் மறுபடி உறையவிடலாம், பதம் கொஞ்சம் கெடும், அவ்வளவுதான். முழுக்க இளகி 4 டிகிரிக்கு மேல் 2 மணி நேரத்தைத் தாண்டியிருந்தால் கொட்டிவிடுங்கள். வாயில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கெட்ட கறி எப்போதும் நாறுவதில்லை.