சின்ன வயசு கார்ட்டூனோட மவுசு எப்பம் ஏறுது எப்பம் இறங்குதுன்னு வீட்ல இருந்தே பாக்குறது எப்படி

மூணு வருசம் முன்னாடி மே லீவுக்கு எனக்க அக்கா மவன் தக்கலைக்கு வந்திருந்தான், அப்பம் ரெண்டாங்கிளாஸ். சுட்டி டிவில நாங்க பாத்த ஜாக்கி சான் கார்ட்டூன போன்ல தேடி எடுத்து அவனுக்கு போட்டு குடுத்தேன், அதே தமிழ் டப்பிங். பத்து நிமிசம் பாத்திருப்பான், மாமா வேற போடுங்கன்னு போன திருப்பி நீட்டிட்டான். ஆனா பக்கத்துல இருந்த அக்காவும் நானும் விடல, ராத்திரி சோறு ஆறிப்போற வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணா பாத்துட்டே இருந்தோம், அக்காவுக்கு கண்ணு கலங்கிடிச்சு. ஒரே வீடு ஒரே கார்ட்டூன், அவனுக்கு ஒண்ணுமே இல்ல, எங்களுக்கு எல்லாமே அதுல இருந்தது. இத ஒழுங்கா பாத்துரணும்னு அன்னைக்கு தான் தோணிச்சு.

அதுல எனக்கு புரிஞ்சது இதுதான்: ஒரு கார்ட்டூனுக்கு ரெண்டு கூட்டம் உண்டு. இப்பம் உக்காந்து பாக்குற பிள்ளைங்க ஒரு கூட்டம், அன்னைக்கு பாத்துட்டு இன்னைக்கு நெனைக்குற பெரியவங்க இன்னொரு கூட்டம். ரெண்டையும் ஒண்ணா கூட்டி "செம பேமஸ்"னு சொன்னா எதுவும் வெளங்காது. பிரிச்சு எடுக்குற வேலை தான் கீழ உள்ளது எல்லாம். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு செய்றவங்களும் செய்யலாம், சும்மா ஆசைக்கும் செய்யலாம், வேண்டியது ஒரு நோட்டு, போன், பேசுறதுக்கு பத்து இருபது ஆளு.

மொதல்ல ஒரே ஒரு கார்ட்டூன எடுங்க. டாம் அண்ட் ஜெர்ரிய மட்டும் மொதல்லயே எடுக்காதீங்க, அது 1940-ல வந்தது, பேச்சே கிட்டத்தட்ட கெடையாது, அதனால எந்த பாஷைக்காரனுக்கும் ஒட்டிக்கும், தாத்தாவும் பாத்திருப்பாரு பேரனும் பாப்பான், அதுல எது பழைய நெனப்பு எது இப்பம் பாக்குற ஆசைன்னு பிரிக்குறதே கஷ்டம். ஒரு காலத்துல ஓடி நடுவுல காணாம போன ஒண்ண எடுத்தா தான் ஏத்த இறக்கம் தெரியும்.

எடுத்த உடனே பேருக்கு கீழ மூணு விசயம் எழுதுங்க, எந்த சானல், எந்த பாஷை, எந்த வருசம். இது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ரொம்ப முக்கியம் மக்கா, மத்த ஊருக்காரங்கள மாதிரி நாம எல்லாரும் ஒரே டிவிய பாக்கல. குளச்சல்ல எனக்க சித்தப்பா வீட்ல ஆன்டெனா திருவனந்தபுரம் பக்கம் தான் திரும்பி இருக்குமாம், அவங்க சின்ன பிள்ளைல பாத்தது எல்லாம் மலையாளமும் இந்தியும். ஜங்கிள் புக் கார்ட்டூன் 1989-ல ஜப்பான்ல எடுத்தது, 52 எபிசோட், 1993-ல தூர்தர்ஷன்ல இந்தில வந்தது. சித்தப்பாவுக்கு இந்தில ஒரு வார்த்தை தெரியாது, ஆனா அந்த டைட்டில் பாட்ட இன்னைக்கும் முழுசா பாடுவாங்க. அது ஞாயித்துக்கிழமை காலைல, கோயில்ல பூசை இருக்குற நேரம், அதனால பாதி எபிசோட் தான் பாத்திருக்காங்க, மீதி பாதிய பக்கத்து வீட்டு பையன் கதையா சொல்லி கேட்டது. எனக்கு இது கேக்கும்போதே ஆச்சரியமா இருந்தது, கண்ணால பாக்காத பாதியும் அவங்களுக்கு பாத்த மாதிரியே ஞாபகம் இருக்கு.

அடுத்த தலைமுறை கதை வேற. 2006-ல இருந்து அரசு 14 இஞ்ச் கலர் டிவி இலவசமா குடுக்க ஆரம்பிச்சது, 2007 ஏப்ரல் 29-ல சுட்டி டிவி வந்தது. டிவி இல்லாத வீட்டுக்கு டிவி வந்த அதே நேரத்துல தமிழ் பேசுற கார்ட்டூன் சானலும் வந்தது, இந்த ரெண்டும் சேந்து வந்தத தனியா குறிச்சு வெச்சுக்கோங்க, 2கே பிள்ளைங்களோட ஞாபகம் முழுக்க இதுக்கு மேல தான் நிக்குது. கேரளா எல்லைல உள்ள களியக்காவிளை பக்கம் போனா இன்னும் ஒரு மாத்தம், 2011-ல மலையாளத்துல கொச்சு டிவி வந்திடிச்சு, அதனால ஒரே டோராவ ஒருத்தி தமிழ்ல ஞாபகம் வெச்சிருப்பா இன்னொருத்தி மலையாளத்துல ஞாபகம் வெச்சிருப்பா. ரெண்டு பேரையும் ஒரே கட்டத்துல போடாதீங்க.

இனி ஆளுங்கள்ட்ட கேக்குறது. இதுல தான் நான் பெரிய தப்பு செஞ்சேன். மொத தடவை எல்லாருக்கும் படத்த காட்டிட்டு "இது ஞாபகம் இருக்கா"ன்னு கேட்டேன், எல்லாரும் ஆமா ஆமான்னாங்க, பதினெட்டு பேர்ல பதினெட்டு பேரும். படத்த காட்டுனா யாருக்கும் ஞாபகம் வரும், அது தெரிஞ்ச முகத்த பாத்து தலையாட்டுற மாதிரி. அத்தனையும் கிழிச்சு போட்டுட்டு திரும்ப மொதல்ல இருந்து கேட்டேன். அதனால எதையும் காட்டாதீங்க, பேரையும் சொல்லாதீங்க, "சின்ன பிள்ளைல டிவில என்ன பாத்திய"ன்னு மட்டும் கேட்டுட்டு வாய மூடிட்டு இருங்க, அவங்க மொதல்ல சொல்ற மூணு பேர எழுதுங்க, பக்கத்துல அவங்க பொறந்த வருசம். கேக்கும்போது ஆள அஞ்சு அஞ்சு வருசமா பிரிச்சு எடுங்க, 1980ல இருந்து 84 வரைக்கும் பொறந்தவங்க, 85ல இருந்து 89, இப்படி. ஒவ்வொண்ணுலயும் நாலு பேராவது வேணும். எல்லாரையும் ஒரே ட்யூசன் ஒரே தெருல இருந்து எடுத்தா ஒரே பதில் தான் வரும், நாகர்கோவில் டவுன்ல கேபிள் இருந்த வீடும் வேணும், குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள கேபிள் வராம கெடந்த வீடும் வேணும், கடற்கரைல உள்ளவங்களும் வேணும்.

வருசம் கேட்டா யாருக்கும் சரியா சொல்ல வராது, மனசு வருசத்த முன்ன பின்ன நகத்திரும். அதுக்கு நம்ம ஊர்ல ஒரு நல்ல கணக்கு இருக்கு, சுனாமிக்கு முன்னயா பின்னயான்னு கேளுங்க. 2004 டிசம்பர் 26-அ இங்க யாரும் மறக்கல, எந்த வீட்ல இருந்தோம், யாரு கூட இருந்தோம்னு எல்லாம் சொல்லுவாங்க. மணக்குடி, குளச்சல் பக்கம் கேக்கும்போது கொஞ்சம் பாத்து கேளுங்க, ஆள இழந்த வீடா இருந்தா அத விட்டுட்டு எத்தனாம் கிளாஸ்ல இருந்தீங்கன்னு கேட்டா போதும். எனக்கு ஒருத்தங்க சுனாமிக்கு முன்னயே சுட்டி டிவில ஜாக்கி சான் பாத்ததா சொன்னாங்க, அது நடக்க வழியே இல்ல, சானலே ரெண்டு வருசம் கழிச்சு தான வருது. அவங்க பொய் சொல்லல. அவங்களுக்கு புடிச்ச காலமும் புடிச்ச கார்ட்டூனும் மனசுக்குள்ள ஒட்டிப்போச்சு. இந்த மாதிரி தப்பு வந்தா அடிச்சு போடாதீங்க, தனி பக்கத்துல எழுதி வையுங்க, பழைய நெனப்பு எப்படி வேலை செய்யுதுன்னு அந்த பக்கம் தான் உங்களுக்கு காட்டும். பின்னால உள்ள பிள்ளைங்களுக்கு ஒக்கி புயல வெச்சு கேக்கலாம், அது 2017 நவம்பர் 30. இன்னொண்ணு கரண்ட் கட்டு, 2008ல இருந்து 2012 வரைக்கும் தமிழ்நாட்டுல கரண்ட் போய்ட்டே இருந்தது, அந்த காலத்து பிள்ளைங்க நெறைய பேரு கார்ட்டூனோட கடைசி பத்து நிமிசத்த பாத்ததே இல்லன்னு சொன்னாங்க.

அடுத்தது கூகுள் ட்ரெண்ட்ஸ், ஒரு வார்த்தைய எப்பம் அதிகமா தேடுனாங்க எப்பம் கொறைவா தேடுனாங்கன்னு கோடு போட்டு காட்டுற கூகுளோட பக்கம். 2004ல இருந்து உள்ள தேடல் அதுல கிடைக்கும், யூட்யூப் தேடல் மட்டும் வேணும்னா 2008ல இருந்து. இந்தியா தேர்ந்தெடுத்து அதுக்குள்ள தமிழ்நாடு வைங்க. அதுல வர்ற 100ங்குறது நூறு பேருன்னு அர்த்தம் இல்ல, அந்த காலகட்டத்துலயே அதிகமா தேடுன நேரத்த 100ன்னு வெச்சு மீதிய அதுக்கு ஒப்பிட்டு காட்டுது, அவ்வளவு தான். அதனால ரெண்டு கார்ட்டூன தனித்தனியா பாத்துட்டு ரெண்டுலயும் 100 இருக்குன்னு சமமா நெனைக்கக்கூடாது, ஒரே பக்கத்துல சேத்து போட்டு பாக்கணும்.

பேர்ல தான் பொறி இருக்கு. ஜாக்கி சான்னு போட்டா அந்த நடிகரோட படம் வந்த நேரம் எல்லாம் கோடு ஏறி மேடு காட்டும், ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்னு கார்ட்டூனோட முழு பேர போட்டு தேடுங்க. டோரான்னு போட்டா 2017 மார்ச் கடைசில ஒரு மேடு வந்தா சந்தோசப்படாதீங்க, அது நயன்தாரா படம், பேய் கார் கதை. 2019 ஆகஸ்ட்ல வந்தா அது ஹாலிவுட்ல டோராவ வெச்சு ஆளுங்கள நடிக்க வெச்சு எடுத்த படம், இது நமக்கு வேண்டியது. ஒவ்வொரு மேட்டுக்கும் பக்கத்துல அந்த மாசம் என்ன நடந்ததுன்னு எழுதாம அடுத்த வேலைக்கு போகாதீங்க. விக்கிபீடியால ஒரு பக்கத்த எத்தனை பேரு பாத்தாங்கங்குற கணக்கும் 2015 ஜூலைல இருந்து உண்டு, அதையும் பக்கத்துல வெச்சு பாத்தா மேடு உண்மையா இல்லியான்னு தெரியும்.

என்ன நடந்ததுன்னு எழுதும்போது மூணு வகையா பிரிச்சுக்கோங்க. கம்பெனிக்காரங்க வேணும்னே கிளப்புறது ஒண்ணு. ஜங்கிள் புக் படத்த டிஸ்னி 2016 ஏப்ரல்ல இந்தியால அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்னாடியே விட்டாங்க, இந்தி விளம்பரத்துக்கு அந்த தூர்தர்ஷன் டைட்டில் பாட்டையே திரும்ப எடுத்தாங்க, அன்னைக்கு புலிக்கு குரல் குடுத்த நானா படேகரையே திரும்ப கூப்பிட்டாங்க. 1993ல பாத்த பிள்ளை 2016ல தன் பிள்ளைய கையில பிடிச்சுட்டு தியேட்டருக்கு வரும்னு அவங்களுக்கு தெரியும். டக் டேல்ஸ் 1987ல வந்தது, புதுசா 2017ல திரும்ப வந்தது, சரியா 30 வருசம். எக்ஸ் மென் கார்ட்டூன் 1997ல நின்னது, 2024ல அதே கதைய விட்ட இடத்துல இருந்து தொடங்குனாங்க. பவர் பப் கேர்ள்ஸ் 1998, திரும்ப 2016. இந்த இடைவெளிய பாருங்க, பாத்த பிள்ளை வளந்து சம்பளம் வாங்குற வயசு வரைக்கும் காத்திருக்காங்க. உங்க கார்ட்டூனுக்கு இந்த இடைவெளி எவ்வளவுன்னு கணக்கு போடுங்க.

ரெண்டாவது வகை ஊரே அடைஞ்சு கெடந்த நேரம். 2020 ஊரடங்குல ஏப்ரல் மாசம் தூர்தர்ஷன் ஜங்கிள் புக்க திரும்ப போட்டாங்க. 2006ல சவுதாம்டன் பல்கலைக்கழகத்துல உள்ளவங்க ஒரு ஆராய்ச்சில கண்டது, தனிமையும் மனசு சரியில்லாத நேரமும் தான் பழைய நெனப்ப கிளப்பி விடுது. எனக்க நோட்டுலயும் அப்படி தான் இருக்கு, ஜாக்கி சான அதிகமா திரும்ப பாத்தவங்க ஊர்ல இருக்குற ஆளுங்க இல்ல, துபாய்லயும் மஸ்கட்லயும் இருக்குற பயலுவ, சென்னைல ஹாஸ்டல்ல இருக்குற பிள்ளைங்க. இந்த பழைய நெனப்புக்கு இங்கிலீஷ்ல சொல்ற நாஸ்டால்ஜியாங்குற வார்த்தையே 1688ல ஒரு சுவிஸ் மருத்துவ மாணவர் வீட்ட விட்டு வெளியூர் போனவங்களோட ஏக்கத்துக்கு நோய்னு சொல்லி வெச்ச பேரு தான். ஆகவே கேக்கும்போது "எங்க இருந்து பாத்திய"ன்னு ஒரு கேள்விய சேத்துக்கோங்க.

மூணாவது வகை தான் எனக்கு ரொம்ப புடிச்சது, யாரும் கிளப்பாம தானா எழும்புறது. ஜாக்கி சான் கார்ட்டூன் 2000ல இருந்து 2005 வரைக்கும் 95 எபிசோட் வந்தது, அதோட சரி, புதுசா ஒண்ணும் எடுக்கல. ஆனா தமிழ்ல அத மறக்கல, மீம்ஸ் ஓடிட்டே இருக்கு, காரணம் அந்த டப்பிங் குரல். அந்த கதைல வர்ற பன்னெண்டு மந்திர தாயத்துல எது எந்த சக்தின்னு என் வயசு ஆளுங்கள்ட்ட கேட்டா சேவல் பறக்கும், முயல் வேகம், பாம்பு மறையும்னு வரிசையா சொல்லுவாங்க. அப்பம் நெனப்பு ஒட்டுறது படத்துல இல்ல, அந்த குரல்ல, அந்த நேரத்துல, கூட இருந்த ஆள்ல. அதனால கடைசியா ஒவ்வொருத்தர்ட்டயும் பாக்கும்போது பக்கத்துல யாரு இருந்தாங்க, என்ன தின்னீங்கன்னு கேளுங்க, இத கேட்டா தான் பேச்சு திறக்கும். எனக்கு கெடைச்ச பதில்ல பாதிக்கு மேல மரச்சீனி கிழங்கு தான், ஸ்கூல் விட்டு வந்ததும் ஆச்சி அவிச்சு வெச்சது, மீன் கறி சாறு ஊத்தி.

பிள்ளைங்கள வெச்சு பாக்குறது தனி வேலை. ஆறுல இருந்து பத்து வயசுக்குள்ள நாலு பிள்ளைங்க போதும், வீட்ல உள்ளவங்கள்ட்ட கேட்டுட்டு செய்யுங்க. பழசு ஒண்ணு, புதுசு ஒண்ணு, எது எப்பம் வந்ததுன்னு சொல்லாம போடுங்க. பெரியவங்க யாரும் பக்கத்துல உக்காந்து சிரிக்கக்கூடாது, நீங்க சிரிச்சா அதுவும் சிரிக்கும், அப்பம் உங்க நெனப்பு அதுக்கு போயிரும். எத்தனை நிமிசத்துல கண்ண எடுக்குதுன்னு மட்டும் எழுதுங்க, நல்லாருக்கான்னு கேட்டா உங்க முகத்த பாத்து ஆமான்னு தான் சொல்லும். சோட்டா பீம இதுக்கு எடுத்து பாருங்க, 2008ல வந்தது, இன்னைக்கும் பிள்ளைங்க பாக்குது, மொதல்ல பாத்தவங்களுக்கு இப்பம் இருபத்தஞ்சு வயசு பக்கம். ரெண்டு கூட்டமும் ஒரே நேரத்துல இருக்குற கார்ட்டூன் கையில கெடைக்குறது லேசில்ல, இப்பமே எழுதிருங்க.

யாருமே சொல்லாத கார்ட்டூன் பேரையும் கவனிங்க. பழைய சானல் நிகழ்ச்சி வரிசை எங்கயாவது கெடைச்சா நீங்க கேட்டதோட ஒப்பிட்டு பாருங்க, தினமும் ஓடுன எத்தனையோ ஒருத்தர் வாயிலயும் வராது. அத பாக்காம அந்த காலத்து கார்ட்டூன் எல்லாமே நல்லா இருந்ததுன்னு எழுதுனா அது தப்பு, நல்லா நெனப்புல நின்னது மட்டும் தான் நமக்கு கேக்குது.

அக்கா மவன் இப்பம் அஞ்சாம் கிளாஸ். அவன் பாக்குறத நான் எழுத ஆரம்பிச்சிருக்கேன், தேதி, மணி, எந்த பாஷை, டிவியா போனா, பக்கத்துல யாரு. நேத்து சாயங்காலம் ஆறே கால், போன்ல, அவனுக்க தங்கச்சி தோள்ல சாஞ்சு கெடந்தா, தட்டுல ஏத்தம்பழ அப்பம். நோட்டுல அந்த பக்கத்து மூலைல 2045ன்னு எழுதி மடிச்சு வெச்சிருக்கேன், அன்னைக்கு அவன்ட்ட எதையும் காட்டாம மொதல்ல கேக்கணும்.