ஏழு கிலோவுக்குள் அந்தமான்: ஒரு திருப்பூர்க்காரியின் தோள்பை

முதல் தடவை அந்தமானுக்குத் தனியாகக் கிளம்பியபோது, கோவை பீளமேடு விமான நிலையத் தராசு 9.4 கிலோ காட்டியது. கையில் கொண்டுபோக அனுமதி 7 கிலோ. பின்னால் நின்ற வரிசை மொத்தமும் வேடிக்கை பார்க்க, தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, ஜீன்ஸை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். அப்படியும் தீரவில்லை. பணம் கட்டித்தான் பெட்டியை அனுப்பினேன். நான்கு நாள் கழித்துத் திரும்பியபோது பாதித் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. மீதிப் பாதியில் முடைநாற்றம். பதினோரு வருடமாகப் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருப்பவள், துணி விஷயத்திலேயே அடி வாங்கினேன்.

இரண்டாம் முறை, அதே நான்கு நாளுக்கு, என் பை 4.7 கிலோ. அதை எப்படிக் கட்டினேன் என்பதுதான் இந்தப் பதிவு. சென்னையில் விமானம் மாறுவது, போர்ட் பிளேரிலிருந்து (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள்) ஹேவ்லாக்குக்கும் நீல் தீவுக்கும் கப்பல் டிக்கெட் எடுப்பது, அறை பிடிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். நேராகப் பைக்கு வருகிறேன்.

படி 1: காலிப் பையை நிறுத்துப் பாருங்கள்

துணியை அல்ல, பையை. என் பழைய சக்கரப் பெட்டி காலியாகவே 2.9 கிலோ. ஏழில் மூன்று அங்கேயே போய்விட்டது. இப்போதைய தோள்பை 850 கிராம். சக்கரம் வைத்த பெட்டியை நான் எந்தத் தீவுக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். படகுத்துறைப் பலகையிலும் கடற்கரை மணலிலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பிறகு சக்கரம் எதற்கு? வீட்டில் தராசு இல்லையென்றால் மளிகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். நான் கம்பெனியில் நூல் கோன் நிறுக்கும் தராசில் வைத்தேன். சூப்பர்வைசர் இன்னும் கிண்டல் செய்கிறார்.

படி 2: துணியை ஜிஎஸ்எம் பார்த்து எடுங்கள்

திருப்பூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே ஜிஎஸ்எம். கடையில் கிடைக்கும் நல்ல காட்டன் டி-ஷர்ட் 180 இருக்கும். தீவுக்கு 140-க்கு மேல் வேண்டாம். காட்டன் வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்னால் எங்கள் ஊரில் கல்லெறிவார்கள், ஆனாலும் சொல்கிறேன். நனையாத காட்டனே காற்றின் ஈரத்தில் தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் குடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடக் குடிக்காது. துவைத்த பிறகு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

என் கணக்கு: உடுத்திக்கொண்டு போவது ஒன்று, பையில் இரண்டு மேல்சட்டை, ஒரு மெல்லிய பேன்ட், கடலில் இறங்க ஒரு முழுக்கை உடை, உள்ளாடை மூன்று செட். முழுக்கை உடை இருந்தால் சன்ஸ்கிரீன் பாதி போதும். கூடவே ஒரு லுங்கி. ஆம், அப்பாவுடையதுதான். படுக்கை விரிப்பு, உடை மாற்றும் மறைப்பு, கப்பல் ஏசிக்குப் போர்வை, எல்லாமே அது.

துண்டுக்கு மட்டும் காட்டன். வெளிநாட்டுக்காரர்கள் மெச்சும் அந்த வழுக்கும் மைக்ரோஃபைபர் துண்டை வாங்கிப் பார்த்தேன். உடம்பில் ஒட்டுகிறதே தவிர துடைக்கவில்லை. நம் ஈரிழைத் துண்டு மெல்லியது, கைக்கு அடங்கும், சீக்கிரம் காயும்.

காலுக்கு, பின்பக்கம் வார் உள்ள ரப்பர் செருப்பு ஒரே ஜோடி. நீல் தீவின் இயற்கைப் பாலத்துக்கு நீர் வற்றியபோது பாறை மேலும் செத்த பவளத்தின் மேலும் நடக்க வேண்டும். அங்கே ஹவாய் செருப்போடு போனவர்கள் ஒற்றைக் காலில் நின்று செருப்பைத் தேடினார்கள்.

படி 3: துவைத்துக் காயவைக்கப் பழகுங்கள்

என்னைக் கவிழ்த்தது இந்தப் படிதான். மூன்று உடையோடு நான்கு நாள் ஓட்ட வேண்டுமென்றால் இரவில் துவைத்தது காலையில் காய்ந்திருக்க வேண்டும். அதில் என்ன சிரமம் என்று நினைத்தேன். எங்கள் மாடியில் காலை எட்டு மணிக்குப் போட்ட துணி பத்து மணிக்கெல்லாம் மொறமொறவென்று இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் கிளிப் போடாவிட்டால் அடுத்த தெருவில் போய்த்தான் பொறுக்க வேண்டும். இந்தக் காற்றை நம்பி வளர்ந்தவர்களுக்குத் தீவின் காற்று புரியவே புரியாது.

முதல் பயணத்தில் மூன்று தவறு செய்தேன்.

ஒன்று, கடலில் நனைந்த உடையை நல்ல தண்ணீரில் அலசாமல் அப்படியே காயப்போட்டேன். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதில்லையா, அதே கதைதான். உப்பு ஏறிய துணி காய்ந்த மாதிரி இருந்து மறுபடி பிசுபிசுக்கும்.

இரண்டு, மாலை நான்கு மணிக்குக் காயப்போட்டு, இன்னும் இரண்டு மணி நேரம் வெயில் இருக்கிறது என்று நம்பினேன். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகு தூரம் தள்ளி இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது.

மூன்று, கையால் பிழிந்ததோடு விட்டேன். இதுதான் பெரிய வெட்கம். சாயப்பட்டறையில் ஈரத் துணியை நேராக டிரையருக்கு அனுப்ப மாட்டார்கள். ஹைட்ரோ மெஷினில் சுழற்றித் தண்ணீரை எடுத்த பிறகுதான் சூடு காட்டுவார்கள். தினமும் இதைப் பார்க்கிறவளுக்கு அங்கே தோன்றவில்லை.

இப்போது செய்வது: அலசிப் பிழிந்த சட்டையை, விரித்த உலர்ந்த ஈரிழைத் துண்டின் மேல் பரப்புங்கள். இரண்டையும் சேர்த்துப் பாய் சுருட்டுவது போல இறுக்கமாகச் சுருட்டுங்கள். இரு முனையையும் பிடித்து முறுக்குங்கள்; அல்லது தரையில் வைத்து ஏறி நின்று மிதியுங்கள். துண்டு கனத்துப்போகும், சட்டை பாதி காய்ந்தே வெளியே வரும். பிறகு துண்டைப் பிழிந்து உதறி, இரண்டையும் மின்விசிறிக்கு நேர் கீழே, ஒன்றன்மேல் ஒன்று படாமல் தொங்கவிடுங்கள். கொடிக்கு மூன்று மீட்டர் நைலான் கயிறும் ஆறு கிளிப்பும் போதும்.

கிளம்பும் முன் வீட்டில் ஒத்திகை பாருங்கள். மாடியில் அல்ல, அங்கே எல்லாமே காய்ந்துவிடும். குளியலறையில் வெந்நீர் திறந்து ஆவி நிரம்பியதும் கதவைச் சாத்தி, ராத்திரி முழுக்கத் தொங்கவிடுங்கள். காலையில் எது காய்ந்திருக்கிறதோ அதற்குத்தான் பையில் இடம். எனக்குப் பிடித்த நீலச் சட்டை இதில் தோற்றது.

படி 4: திரவங்களைக் குறையுங்கள்

ஷாம்புக்குப் பதில் அரப்புத் தூள். சின்ன டப்பாவில் போட்டு, மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். பச்சைத் தூளைப் பார்த்தால் பாதுகாப்புச் சோதனையில் கேள்வி வரும். எனக்கு வந்தது. முகர்ந்து பார்த்த அதிகாரி தும்மினார், விட்டுவிட்டார். சோப்பு ஒரு கட்டி, உடம்புக்கும் துணிக்கும். சன்ஸ்கிரீனில் ஆக்சிபென்சோன் இல்லாத, துத்தநாக ஆக்சைடு வகையை எடுங்கள். பவளத்துக்குக் கேடு என்று ஹவாயில் 2021 முதல் ஆக்சிபென்சோன் கலந்ததை விற்கவே தடை.

படி 5: மற்றவை

பவர் பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி 74 வாட்-மணி. 100-க்குள் இருப்பதால் தடையில்லை. கப்பல் டிக்கெட்டின் தாள் நகல், கொஞ்சம் ரொக்கம், கடல் மயக்கத்துக்கு மாத்திரை. காலித் தண்ணீர் பாட்டில். சோதனை முடிந்ததும் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம்.

படி 6: பாசத்தை எடுத்து வெளியே வையுங்கள்

பை கட்டியாகிவிட்டது என்று தெரிந்ததும் வீட்டில் இருப்பவர்கள் வருவார்கள். முதல் தடவை காங்கயத்திலிருந்து அமுச்சி (அம்மாவின் அம்மா) வந்து, "அம்மணி, கடல் தாண்டிப் போகிறாய், பசித்தால் மென்றுகொள்" என்று ஆறு மூடி கொப்பரையை ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்தது. காங்கயத்தில் களம் களமாகக் காயும் பொருள் விமானத்தில் ஆபத்தாகும் என்று யாருக்குத் தெரியும்? எண்ணெய் நிறைந்தது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்று தடை செய்திருக்கிறார்கள். ஆறு மூடியும் சோதனை மேசையோடு போயிற்று. அமுச்சியிடம் தின்றுவிட்டேன் என்றுதான் சொன்னேன். இந்த முறை கால் கிலோ கடலை உருண்டையோடு சமாதானம் ஆனோம்.

திரும்பும்போது பையில் காலி இடம் இருக்கிறதே என்று கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பொறுக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். செத்ததுதானே என்ற வாதம் எடுபடாது.

பின்சேர்க்கை 1: துண்டில் சுருட்டியும் காயவில்லை என்று ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். விசாரித்தால், இரவு முழுக்க பால்கனியில் போட்டிருக்கிறார். அங்கே ராத்திரிக் காற்றில் துணி இன்னும் ஈரமாகும். அறைக்குள் போடுங்கள். ஏசி இருந்தால் இன்னும் நல்லது. அது காற்றின் ஈரத்தை எடுத்து வெளியே சொட்டவிடுகிறது.

பின்சேர்க்கை 2: கொப்பரையைச் செக்-இன் பெட்டியில் போடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கூடாது. கொங்கு நாட்டில் இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது போலிருக்கிறது.

பின்சேர்க்கை 3: காற்று மோசமாகிக் கப்பல் நின்றதால் ஹேவ்லாக்கில் இரண்டு நாள் அதிகம் தங்க நேர்ந்த ஒரு சகோதரி, உடை போதவில்லையா என்ற என் கேள்விக்கு, உடை போதுமானதாக இருந்தது, தைராய்டு மாத்திரைதான் தீர்ந்துவிட்டது என்றார். படி 5-இல் சேர்த்துக்கொள்ளுங்கள்: தினமும் சாப்பிடும் மருந்து, மூன்று நாளைக்குக் கூடுதலாக.