மன அழுத்த லீவு முதலாளிக்கு எவ்வளவு செலவு: கணக்குப் போடும் முறை

மாதச் சம்பளம் 60,000 ரூபா என்று வைப்போம். அதோடு ஊழியர் சேமலாப நிதிக்கு 12%, நம்பிக்கை நிதிக்கு 3% சேர்த்தால் 69,000. மாதம் 24 வேலைநாள் என்றால் ஒரு நாள் 2,875 ரூபா. சம்பளத்தோடு லீவு கொடுத்தால் இது அப்படியே போகிற காசு.

அந்த இடத்தை இன்னொருவர் ஓவர்டைமில் நிரப்பினால் ஒன்றரை மடங்கு. அவருக்கு மணிக்கு 250 ரூபா என்றால் ஓவர்டைமுக்கு 375. எட்டு மணித்தியாலத்துக்கு 3,000. ஆக ஒரு நாள் லீவு 5,875 ரூபா. பலர் முதல் தொகையோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். ஓவர்டைம் செய்தவரே களைத்து அடுத்து லீவு எடுப்பார். செலவு பெருகுவது அங்கேதான்.

மன அழுத்தத்தால் லீவு எடுப்பவரின் மருத்துவச் சான்றிதழில் தலையிடி, வயிற்றெரிவு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். நோயைத் துருவிக் கேட்காதீர்கள், அது அவருடைய அந்தரங்கம். லீவுப் பதிவேட்டை ஒரு வருடத்துக்குப் பகுதிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே மேற்பார்வையாளரின் கீழ், அல்லது நல்லூர்த் திருவிழா, தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு லீவு குவிந்தால், திருத்த வேண்டியது வேலை ஒழுங்கை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக் கடைக்காரருக்கு அந்த நாட்கள் முன்கூட்டியே தெரியும்; தற்காலிக ஆளை அப்போதே எடுங்கள்.

உதவி தேவைப்படுபவருக்கு 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தைக் கொடுங்கள். கிளினிக் போகும் நாளில் சம்பளம் வெட்டாதீர்கள்.