சுடர் சோதனை: உப்பிலுள்ள உலோகத்தை நிறத்தால் அறியும் முறை

உப்பைக் கம்பி நுனியில் எடுத்துச் சுடரில் காட்டி நிறம் பார்க்கும் சுடர் சோதனையில் பிழை நேர்வது பெரும்பாலும் அந்தக் கம்பியால்தான். பிளாட்டினக் கம்பியின், அது கிடைக்காவிட்டால் நைக்ரோம் (நிக்கல்-குரோமியக் கலப்புலோகம்) கம்பியின், நுனியைச் சிறு வளையமாக்கி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துப் பன்சன் பர்னர் என்னும் ஆய்வக எரிவாயு அடுப்பின் ஒளிராச் (மங்கிய நீலச்) சுடரில் காட்ட வேண்டும். சுடரில் எந்த நிறமும் ஏறாத நிலை வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். விரல் வியர்வையிலுள்ள உப்பே சுடரை மஞ்சளாக்கப் போதுமானது என்பதால், வளையத்தைக் கையால் தொடக் கூடாது.

பின்னர் கடிகாரக் கண்ணாடி எனப்படும் குழிவான சிறு கண்ணாடித் தட்டில், சோதிக்க வேண்டிய உப்பைச் சிட்டிகையளவு இட்டு, அதே அமிலத்தில் ஓரிரு துளி விட்டுப் பசையாகக் குழைக்க வேண்டும். அமிலம் உலோகத்தை எளிதில் ஆவியாகும் குளோரைடாக மாற்றுகிறது. அமிலப் புகை கண்ணையும் மூச்சையும் தாக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் காற்றோட்டமும் இன்றித் தொடங்கவே வேண்டாம். உப்பை மெத்தனாலில் கரைத்துக் கொளுத்திக் காட்டும் வழக்கம் பலருக்குக் கொடிய தீக்காயங்களை விளைவித்திருக்கிறது. அதை அறவே தவிர்க்க வேண்டும்.

பசையை வளையத்தில் எடுத்துச் சுடரின் ஓரத்தில் பிடித்தால், வெப்பத்தால் உயர் ஆற்றல் மட்டத்துக்கு ஏறிய எலக்ட்ரான்கள் மீண்டும் இறங்கும்போது அந்தந்தத் தனிமத்துக்குரிய ஒளி வெளிப்படும். காய்ச்சிய இரும்பு செக்கச்செவேலென ஒளிர்வது இதனின்றும் வேறானது. அது திடப்பொருள்களுக்குப் பொதுவான வெப்ப ஒளி.

கால்சியம் செங்கல் சிவப்பையும், தாமிரம் நீலப்பச்சையையும் தரும். பேரியத்தின் இளம்பச்சை தோன்றச் சற்று நேரமாகும் என்பதால் கம்பியை அவசரப்பட்டு எடுத்துவிடக் கூடாது. மெக்னீசியம் சுடருக்கு நிறமே தராது. பொட்டாசியத்தின் மெல்லிய ஊதாவைச் சோடியம் எளிதில் மறைத்துவிடும். அப்போது சுடரைக் கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், 589 நானோமீட்டர் அலைநீளமுடைய சோடிய மஞ்சளை அது உறிஞ்சிவிட, பொட்டாசியம் செவ்வூதாவாகத் தெரியும்.

லித்தியமும் ஸ்ட்ரான்சியமும் ஏறத்தாழ ஒரே சிவப்பைத் தருவதால் வெறுங்கண்ணை நம்பி முடிவு கூறுவது முறையன்று. ஒளியைத் தனித்தனி நிறக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைகாட்டியில் பார்த்தால், லித்தியத்துக்கு 671 நானோமீட்டருக்கு அருகே ஓங்கிய சிவப்புக் கோடும், ஸ்ட்ரான்சியத்துக்குச் சிவப்புப் பட்டைகளுடன் 461 நானோமீட்டருக்கு அருகே நீலக் கோடும் தெரியும். ஜெர்மனியின் ஹைடெல்பெர்கில் வேதியியலாளர் பன்சனும் இயற்பியலாளர் கிர்க்காஃபும் 1860-இல் சீசியம் என்னும் தனிமத்தை, டூர்க்ஹைம் ஊரின் கனிம நீரில், இவ்வாறு அறிமுகமற்ற இரு நீலக் கோடுகளைக் கொண்டே கண்டுபிடித்தனர்.