மழைக்காலத்தில் மரப்பலகை

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடிக்கும் மழையில், காய் நறுக்கும் மரப்பலகையைக் கழுவிச் சுவரோரம் சாய்த்து வைத்தாலும், மாட்டுங்காவில் உள்ள எங்கள் சமையலறையில் அது மறுநாள் காலை வரை காயாமல் அடிவிளிம்பில் கரும்புள்ளி பூத்துவிடுகிறது. கல்லுப்பைத் தூவி, பிழிந்த எலுமிச்சை மூடியால் மர இழையின் போக்கிலேயே தேய்த்துக் கழுவி, இருபுறமும் காற்றுப்படும்படி நிறுத்தி, நன்றாக உலர்ந்த பின்னரே எண்ணெய் பூச வேண்டும். நல்லெண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும்; ஆயினும் அது நாளடைவில் சிக்குவாடை அடிக்கும் என்பதால், மருந்துக்கடையில் கிடைக்கும் வாசனை சேர்க்காத லிக்விட் பாரஃபின் என்ற கனிம எண்ணெயே ஏற்றது. இரவில் பூசி, காலையில் மிகுதியைத் துடைத்தால் போதும். அலமாரியைப் பொறுத்தவரை, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழுள்ள பிளைவுட் கதவின் அடிவிளிம்புதான் முதலில் ஊதும். அங்கே சொட்டும் நீரை உடனே உலர்துணியால் ஒற்றி எடுங்கள்.